காற்றுக்கும் வெயிலுக்கும் நிலப்படம்



வெயில் எங்கும் காய்கிறது. காற்று எங்கும் வீசுகிறது. அவ்வாறிருக்க, இவற்றிலிருந்து மின்சாரம் எடுப்பதற்கு இடம் தேடி அலைய வேண்டிய அவசியம் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நிலக்கரியைச் சுரங்கத்திலிருந்து வெட்டி ரயிலில் ஏற்றி, நாம் விரும்பும் ஊருக்குக் கொண்டு செல்லலாம். காற்றையும் வெயிலையும் மூட்டை கட்டி அனுப்ப இயலாது. அவை இருக்கும் இடத்துக்கு யந்திரங்கள்தாம் போக வேண்டும். ஆகவே, எந்த இடம் தகுதியானது என்று கண்டறிவதே இத்தொழிலின் முதற்படியாகிறது. அந்தத் தேர்வு எவ்வாறு நடைபெறுகிறது, அதில் எங்கே எச்சரிக்கை தேவை என்பவற்றைப் பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இது தொலைவான பொருளன்று. ராஜஸ்தானிலோ, குஜராத்திலோ, கர்நாடகத்திலோ பயணம் செய்பவர்கள் மைல் கணக்கில் பரந்து கிடக்கும் கண்ணாடிப் பலகைகளையும், குன்றுகளின் மேல் சுழலும் காற்றாலைகளையும் கண்டிருப்பீர்கள். 2030-ஆம் ஆண்டுக்குள் நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றைச் சாராத மின் உற்பத்தித் திறனை 500 ஜிகாவாட்டாக உயர்த்துவது என்ற இலக்கை, 2021-இல் கிளாஸ்கோ நகரில் கூடிய உலக மாநாட்டில் பாரதம் அறிவித்தது. ஒரு ஜிகாவாட் என்பது ஆயிரம் மெகாவாட். பெரிய சூரிய மின் பூங்கா ஒன்றை அமைக்க, பாதைகளையும் இடைவெளிகளையும் சேர்த்து, மெகாவாட் ஒன்றுக்கு ஐந்து, ஆறு ஏக்கர் நிலம் தேவைப்படுகிறது. எனவே மின்சாரப் பிரச்சினையாகத் தொடங்குவது வெகு விரைவில் நிலப் பிரச்சினையாக மாறிவிடுகிறது.

முதலில் காற்றை எடுத்துக் கொள்வோம். காற்றின் திசையறிந்து பெயரிட்டவர்கள் தமிழர்கள். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. இவற்றுள் கவிஞர்கள் போற்றியது தென்றலை. மின் பொறியாளர் போற்றுவதோ கோடையை! தென்மேற்குப் பருவக் காலத்தில் அரபிக் கடலிலிருந்து வரும் காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்து நிற்கிறது. மலையில் இடைவெளி உள்ள பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களின் வழியே அது நெருக்குண்டு, வேகம் மிகுந்து பாய்கிறது. ஆரல்வாய்மொழிக்கு அருகிலுள்ள முப்பந்தல் காற்றாலைகளால் புகழ் பெற்றதற்கு இதுவே காரணம்.

இங்கே ஒரு கணக்கை மனத்தில் கொள்ள வேண்டும். காற்றில் அடங்கிய ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும். விநாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் வீசும் காற்றைக் காட்டிலும், ஆறு மீட்டர் வேகத்தில் வீசும் காற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு கூடுதல் ஆற்றல் உண்டு. உடலுக்கு இரண்டும் ஒன்றாகவே படும். ஆனால் ஆலை அமைப்பவருக்கு அது இலாபத்துக்கும் நஷ்டத்துக்கும் உள்ள வேற்றுமை. ஆதலால், "இங்கே நல்ல காற்று வீசும்" என்ற ஊரார் சொல் மட்டும் போதாது. ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்த எண்கள் வேண்டும்.

அந்த எண்களை நமக்குத் தேடித் தந்தவர்களுள் தலையாயவர் அன்னா மணி அம்மையார். 1918-இல் திருவிதாங்கூரைச் சேர்ந்த பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் சர் சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். பின்னர் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, அளவுக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்து கொள்ள வழி வகுத்தார். 1957-58-இல் நடைபெற்ற சர்வதேசப் புவி பௌதிக ஆண்டின்போது, சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாட்டின் பல பகுதிகளிலும் அமைத்தார். 1976-இல் ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு பற்றிய அவருடைய நூல்கள் 1980, 1981 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. காற்றின் வேகம் பற்றிய அளவுகளையும் தொடர்ந்து திரட்டித் தந்தார். 2001-இல் காலமானார். இன்று கணிப்பொறித் திரையில் வண்ண வண்ணமாகத் தோன்றும் படங்களுக்கு அடியில், வெயிலில் நின்று அளவெடுத்த இத்தகையோரின் உழைப்பு இருக்கிறது.

நிலப்படக் கலைக்கும் தமிழ் மண்ணுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பரங்கிமலையில் தொடங்கி, பெரும்பாக்கம் வரை ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிப்படைக் கோட்டை இரும்புச் சங்கிலி கொண்டு அளந்தார். இமயம் வரை சென்ற மாபெரும் நில அளவைக்கு அதுவே ஆரம்பம். அளந்துகொண்டே வடக்கு நோக்கிச் சென்ற லாம்டன், 1823-இல் இன்றைய மகாராஷ்டிரத்திலுள்ள ஹிங்கன்காட்டில் உயிர் நீத்தார். அந்தப் பெரும்பாக்கத்துக்கு அண்டையிலுள்ள பள்ளிக்கரணையில்தான் இன்று தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் இயங்குகிறது. 1998-இல் நிறுவப்பட்ட இந்நிறுவனம், நெடிய கம்பங்களில் கருவிகளைப் பொருத்தி அளந்த விவரங்களைக் கணிப்பொறி மாதிரிகளுடன் இணைத்து, நாட்டின் காற்றுப் படத்தைத் தயாரித்து வருகிறது. தரையிலிருந்து 120 மீட்டர் உயரத்தில் சுமார் 695 ஜிகாவாட், 150 மீட்டர் உயரத்தில் சுமார் 1,164 ஜிகாவாட் என்று நாட்டின் காற்று மின் வாய்ப்பை அது மதிப்பிட்டிருக்கிறது. உயரே செல்லச் செல்லக் காற்று வலுப்பதால், கோபுரம் உயர்ந்தால் படமும் மாறுகிறது. 150 மீட்டர் மதிப்பீட்டில் ராஜஸ்தான் முதலிடம் பெறுகிறது. 120 மீட்டர் மதிப்பீட்டில் அந்த இடம் குஜராத்துக்கு உரியது.

இனி, இடம் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். இதற்குப் புவியியல் தகவல் முறைமை என்று பெயர். பெயர் நீளமாயினும் கருத்து எளிது. ஒரே பிரதேசத்தை ஒரே அளவில் பல மெல்லிய காகிதங்களில் வரைந்து கொள்வதாக வைத்துக் கொள்ளுங்கள். முதல் காகிதத்தில், காற்றோ வெயிலோ குறைந்த பகுதிகளைக் கறுப்பாக்குகிறோம். இரண்டாவதில், செங்குத்தான சரிவுகளை. மூன்றாவதில், காடுகளையும் சரணாலயங்களையும். நான்காவதில், சாலைக்கும் மின் கம்பிப் பாதைக்கும் தொலைவாகக் கிடக்கும் இடங்களை. ஐந்தாவதில், ஊர்களையும் ஏரிகளையும். இப்போது எல்லாக் காகிதங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விளக்கின் முன் பிடிக்கிறோம். எந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவுகிறதோ, அதுவே தகுதியான இடம். இயன் மக்ஹார்க் என்ற நிலவமைப்பு அறிஞர் 1969-இல் வெளியிட்ட நூலில் இம்முறையை விளக்கிப் புகழ் பெற்றார். இன்று அக்காகிதங்களின் வேலையைக் கணிப்பொறி செய்கிறது. நிலத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு பாடத்திலும் மதிப்பெண் அளித்து, கூட்டிச் சொல்கிறது.

வெயில் மிகுந்த இடமே முதல் மதிப்பெண் பெறும் என்று எண்ணிவிட வேண்டாம். சூரிய மின் பலகைக்கு வேண்டியது ஒளி, வெப்பமன்று. பலகை சூடேறச் சூடேற அதன் திறன் குறைகிறது. அதனால், குளிரும் தெளிந்த வானமும் ஒருங்கே வாய்ந்த லடாக் மிகச் சிறந்த இடமாகத் தோன்றுகிறது. ஆயினும் அங்கே விளையும் மின்சாரத்தை யார் பயன்படுத்துவது? அதை ஹரியானாவிலுள்ள கைத்தல் வரை கொண்டுவர, பனி மலைகளைக் கடந்து 700 கிலோமீட்டருக்கு மேல் மின் பாதை அமைக்கும் திட்டத்துக்கு 2023-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பாலைவனத்திலோ வேறு சங்கடம்: பலகையில் தூசி படியும்; கழுவுவதற்குத் தண்ணீர் அரிது. இவ்வாறு ஒன்றில் தேறிய இடம் மற்றொன்றில் பின்தங்குகிறது. எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதைக் கணிப்பொறி தீர்மானிப்பதில்லை. அதை இயக்குபவர்களே தீர்மானிக்கிறார்கள். அடுக்கில் வைக்கப்படாத காகிதமோ, எந்த ஆட்சேபமும் தெரிவிப்பதில்லை.

இங்கேதான் நான் குறிப்பாகச் சொல்ல விரும்பும் செய்தி வருகிறது. இத்தகைய படங்களின் விளக்கக் குறிப்பில் "தரிசு நிலம்" என்ற ஒரு வகை உண்டு. விளைநிலத்தைத் தொடாமல் தரிசில் மின் பூங்கா அமைப்போம் என்பது நல்ல கொள்கையே. 2014-இல் நாட்டின் சூரிய மின் வாய்ப்பு 748.98 ஜிகாவாட் என்று கணக்கிட்டபோது, தரிசு நிலத்தில் நூற்றுக்கு மூன்று பங்கைப் பயன்படுத்துவதாக வைத்துத்தான் கணக்கிட்டார்கள். மத்திய நிலவளத் துறையும் ஹைதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையமும் 2019-இல் வெளியிட்ட தரிசு நில ஏடு, நாட்டின் பரப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பங்கு தரிசு என்று கூறியது. விண்கோள்கள் எடுத்த படங்களைக் கொண்டு, வெகு கவனமாக இருபதுக்கு மேற்பட்ட வகைகளாகப் பிரித்துத் தயாரிக்கப்பட்ட ஏடு அது. புதர் நிலம், மணற்பரப்பு, வளம் குன்றிய மேய்ச்சல் நிலம் எல்லாம் அதில் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் ஓர் அலுவலக மேஜையிலிருந்து மற்றொரு மேஜைக்குச் செல்லும்போது, அந்த வேற்றுமைகள் மறைந்து, "தரிசு" என்ற ஒரு சொல் மட்டும் எஞ்சிவிடக்கூடும்.

சொற்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றுவதே என் அலுவல். ஆதலால் இச்சொல்லைச் சற்று நின்று நோக்குகிறேன். ஆங்கிலேயர் ஆட்சியில் வரி செலுத்தாத நிலத்தைக் குறிக்க வழங்கிய ஆங்கிலச் சொல்லுக்கு, "வீண் நிலம்" என்பதே நேர்ப்பொருள். கஜானாவுக்கு வரவில்லையானால் வீண் என்பது அவர்கள் கணக்கு. நம் கிராமத்தில் அத்தகைய நிலத்தை வீண் என்று எவரும் சொன்னதில்லை. மந்தைவெளி என்றார்கள், மேய்ச்சல் புறம்போக்கு என்றார்கள், களத்துமேடு என்றார்கள், சுடுகாடு, ஏரி உள்வாய், ஐயனார் கோயில் காடு என்றார்கள். தனி ஒருவருக்குப் பட்டா இல்லை என்பதுதான் அவற்றுக்குப் பொதுவான இயல்பு; பயனில்லை என்பதன்று. ஆடு மாடுகளுக்குத் தீனியும், ஏழை வீட்டு அடுப்புக்கு விறகும், மழைநீருக்கு வடிகாலும் அவற்றிலிருந்தே கிடைத்தன.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய நிலைமையன்று. மேற்கு ராஜஸ்தானில் ஓரண் என்று வழங்கும் நிலங்கள் பல உண்டு. அவை ஊர்த் தெய்வத்துக்கு நேர்ந்து விடப்பட்டவை. அங்கே மரத்தை வெட்டமாட்டார்கள், ஏர் பூட்டமாட்டார்கள், ஆடு, மாடு, ஒட்டகங்களை மேயவிடுவார்கள். நம் ஊர்க் கோயில் காடுகளுக்கு இவை உடன்பிறப்புகள் என்றே சொல்லலாம். விண்கோள் மே மாதத்தில் இந்நிலத்தைப் பார்த்தால், மணலும் முள்ளுமே தெரியும். மழைக்குப் பின் செப்டம்பரில் அதே இடத்தில் சேவண் புல் தழைத்திருக்கும். எந்த மாதத்துப் படத்தைக் கொண்டு முடிவு செய்தோம் என்பதைப் பொறுத்து, ஒரே நிலம் பாழாகவும் தெரியும், பசும்புல் வெளியாகவும் தெரியும். ஆண்டு முழுவதும் அங்கே மந்தையோடு திரியும் ஆயருக்கு இந்த ஐயம் எழுவதே இல்லை. ஆனால் அவர் பெயரில் பட்டா இல்லை. அரசுப் பதிவேட்டில் பல ஓரண்கள் ஓரண் என்று எழுதப்படவும் இல்லை. ஜெய்சல்மேர் மாவட்டத்தில் மின் திட்டங்களும் மின் கம்பிகளும் ஓரண்களை நெருங்கியபோது, கிராம மக்கள் கால்நடையாக ஊர்வலம் சென்று முறையிட வேண்டியிருந்தது.

2024 டிசம்பர் 18-ஆம் நாள், ராஜஸ்தானிலுள்ள இத்தகைய புனித வனங்கள் ஒவ்வொன்றையும், சிறிதாயினும் பெரிதாயினும், தரையில் நேரில் சென்றும் விண்கோள் படத்தின் உதவியாலும் குறித்து வரைபடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த ஆணை பிறந்தது, நீலகிரி மாவட்டம் கூடலூர்க் காடுகளைக் காப்பதற்காக 1995-இல் கோதவர்மன் திருமுல்பாடு என்பவர் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியில் என்பது தமிழர்களாகிய நாம் அறிந்து கொள்ளத்தக்கது. தெற்கே ஒரு மலைக்காட்டுக்காக எழுந்த குரல், வடமேற்கே பாலைவனத்துப் புல்வெளி வரை சென்று பயனளித்திருக்கிறது.

அதே பாலை நிலத்தில் கானமயில் என்னும் அரிய பெரும் பறவை வாழ்கிறது. நாடு முழுவதும் அதன் எண்ணிக்கை ஒன்றரை நூறுக்கும் குறைவென்று கூறப்படுகிறது. பருத்த உடலும், பக்கவாட்டில் அமைந்த கண்களும் உடைய இப்பறவை, எதிரே உள்ள மின் கம்பியை உரிய நேரத்தில் காண்பதில்லை, மோதி மடிகிறது. எனவே 2021 ஏப்ரலில், சுமார் 99,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் உயர்கம்பிப் பாதைகளுக்கு உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. அவ்வளவு பரப்பிலும் கம்பிகளை மண்ணுக்கடியில் பதிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று அரசாங்கம் எடுத்துரைத்தது. 2024 மார்ச்சில் அக்கட்டளையை மாற்றி, நிபுணர் குழு ஒன்றை நீதிமன்றம் நியமித்தது. இருதரப்புக்கும் நியாயம் உண்டு என்பதை நாம் மறுக்க முடியாது. நிலக்கரிப் புகை குறையாவிட்டால் பருவமழையே தடுமாறும். அப்போது பறவைக்கும் ஆயருக்கும் எதிர்காலம் இல்லை. ஆயினும் கம்பிப் பாதையை வரைந்த முதல் நாளிலேயே பறவை வாழும் படமும் அருகில் விரிக்கப்பட்டிருந்தால், வழக்கும் காலதாமதமும் பெரிதும் குறைந்திருக்கும் அல்லவா?

பட்டா நிலத்திலும் கவனிக்க வேண்டியது உண்டு. கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டத்தைச் சேர்ந்த பாவகடா, அடிக்கடி வறட்சிக்கு இலக்காகும் தாலுகா. அங்கே சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் பூங்கா அமைந்தது. நிலத்தை விலைக்கு வாங்கவில்லை. ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 21,000 ரூபாய் என்று குத்தகை பேசி, இரண்டாண்டுக்கொரு முறை நூற்றுக்கு ஐந்து வீதம் உயர்த்தித் தருவதாக ஏற்பாடு செய்தார்கள். மழையை நம்பி ஏமாந்த உழவருக்கு இது உறுதியான வருவாய். சொந்தக்காரரின் உரிமையும் அவரிடமே இருந்தது. இது பாராட்டத்தக்க முறையே. ஆனால் குத்தகைப் பணம் நிலமுடையவரைச் சேர்கிறது. அந்நிலத்தில் களை பறித்தும் கதிர் அறுத்தும் கூலி பெற்றவருக்கும், அறுவடைக்குப் பின் ஆடு மேய்த்தவருக்கும் அதில் பங்கில்லை. ஏனெனில் நில உடைமைப் பதிவேடு ஓர் அடுக்காக வைக்கப்படுகிறது. நிலத்தில் உழைப்பவர் பட்டியல் எந்த அடுக்கிலும் வைக்கப்படுவதில்லை.

அப்படியானால் நிலப்படம் வேண்டாமா? அவ்வாறு நான் கூறவில்லை. படம் இல்லாத காலத்தில் செல்வாக்குள்ளவர் சொன்ன இடமே நல்ல இடமாயிற்று. இன்று எண்கள் பேசுகின்றன. அவற்றை எவரும் சோதித்துப் பார்க்கலாம். வேண்டுவதெல்லாம் இன்னும் சில காகிதங்கள். மேய்ச்சல் பாதை ஒரு காகிதம். பொது நீர்நிலை ஒரு காகிதம். கோயில் காடு ஒரு காகிதம். பறவைகள் பறக்கும் வழி ஒரு காகிதம். இவற்றை விண்ணிலிருந்து முழுவதும் வரைய முடியாது. அவ்வூர் முதியவர்களோடும் ஆயர்களோடும் நடந்து சென்றுதான் வரைய வேண்டும். ஓடு வேய்ந்தாற்போல் நகரங்களின் மாடிகளிலும், கால்வாய்களின் மேலும் பலகைகளைப் பொருத்துவதும் நிலத்தின் மீதுள்ள சுமையைக் குறைக்கும். குஜராத்தில் 2012-இலேயே நர்மதைக் கால்வாயின் ஒரு பகுதிக்கு மேல் சூரியப் பலகைகளைப் பரப்பிக் காட்டினார்கள்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களில் பொறியாளர்கள் பலர். நில அளவையாளர், மின் பணியாளர், கணக்கர் பலர். கட்ச் வளைகுடாப் பகுதியிலும், ஜோத்பூர் வட்டாரத்திலும், ஆந்திரத்து வறண்ட சீமையிலும் இத்தகைய வேலைகளில் ஈடுபட்டிருப்பவர்களும் இந்தப் பேச்சைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அளவுக் கருவியை நடுமுன் அங்கே வரும் ஆயரிடம், "பெரியவரே, மழைக்காலத்தில் இங்கே என்ன முளைக்கும்? யாருடைய மந்தை வரும்?" என்று அந்நாட்டு மொழியில் கேளுங்கள். அவர் கூறுவதைக் குறித்துக் கொண்டு, அறிக்கையில் ஒரு பத்தியாகச் சேருங்கள். பிற பணிகளில் உள்ளவர்களும், நீங்கள் குடியிருக்கும் பகுதியில் ஒரு திட்டம் பற்றிய அறிவிப்பு வெளியாகி மக்கள் கருத்துக் கேட்கப்படும்போது, அதைப் படித்து அண்டை வீட்டாருக்கு விளக்கிச் சொல்லலாம். அந்த மண்ணின் சோறு உண்பவர்கள் நாம். அந்த மண்ணைப் பற்றி நாலு வார்த்தை தெரிந்து வைத்திருப்பது நம் கடமை.

கதிரவனும் காற்றும் எல்லோருக்கும் பொது. அவற்றிலிருந்து பிறக்கும் மின்சாரம் நாட்டுக்கு மிகவும் தேவை. அதற்கு இடம் தரும் நிலத்தில், "இங்கே ஒருவரும் இல்லை" என்று எழுதுமுன், ஒருமுறை நேரில் சென்று பார்த்து எழுதினால் போதும். நிலப்படம் நல்ல பணியாள், பார்த்ததைச் சொல்லும். பார்க்க வேண்டியதை அதற்குச் சொல்லித் தருவது நம் பொறுப்பு.